ஒரு டிரான்ஸ்பார்மர், ஏழு மோட்டார்

சுவிட்சைத் தட்டியதும் மோட்டார் முனகியதே தவிரத் தண்ணீர் ஏறவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் காட்டும் முள் முந்நூறிலேயே முடங்கிக் கிடந்தது; நானூறு இருந்தால்தான் மோட்டார் தண்ணீர் இழுக்கும். செல்வராணி சட்டென்று அணைத்துவிட்டாள். போன வருஷம் இப்படி ஓடவிட்டுத்தான் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப் பதினைந்து நாள் தவித்துப்போனாள். இப்போது நிலக்கடலை பூத்து, விழுது மண்ணில் இறங்குகிற நேரம். நாலு நாளைக்குள் மண் நனையாவிட்டால் விழுது உள்ளே இறங்காது, காய் பிடிக்காது. அப்புறம் கொடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து அந்தக் கொல்லைக்காடுகளுக்கு ஒரே டிரான்ஸ்பார்மர், ஏழு மோட்டார். காலை ஒன்பதுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் ஏழு பேரும் ஒன்றாகப் போட்டால் அதுதான் என்ன செய்யும், பாவம்!

"எல்லாரையும் ஒக்கார வச்சுப் பேசலாம்லக்கா?" என்றாள் களையெடுக்க வந்த ராசாத்தி.

"போன வருஷம் ஆளுக்கு ஒரு நேரம்னு பேசுன முறை ஒரு வாரம் நின்னுச்சா? அதுலயும் அங்கிட்டு இருக்காரே, அவருகிட்ட யாரு பேசுறதாம்?"

அங்கிட்டு இருப்பவர் அடுத்த கொல்லை ஆத்மநாதன். வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாக இருவருக்கும் முகத்தில் முழிப்பில்லை.

யார் எப்போது போடுகிறார்கள் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்ததெல்லாம் அந்த முள் ஒன்றுதான். மறுநாள் பதினொன்றுக்குப் போட்டாள். முள் நானூறைத் தொட்டது. அடேயப்பா என்று பூரித்து, முள் மறுபடி இறங்குமுன் கால்வாசிக் கொல்லைக்குப் பாய்ச்சினாள். அடுத்த நாளும் அதே பதினொன்று, முள் படுத்துவிட்டது. இவளுக்கு வந்த புத்தி மற்றவர்களுக்கு வராதா என்ன! "வெளங்குனாப்புலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாலாம் நாள், வருவது வரட்டும் என்று ஒன்பதுக்கே தட்டினாள். நானூறு! பாதிப் பேர் மதியத்துக்குத் தள்ளிப் போயிருக்க வேண்டும். பதினொன்றரைக்குக் கடைசிப் பாத்தியும் நிறைந்தது. பிழைத்தது கடலை. சந்தோஷத்தில் ராசாத்தியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மோட்டாரை அணைத்தாள். குழாய் சொட்டி முடிக்கும் முன்பே ஆத்மநாதன் மோட்டார் ஓடத் தொடங்கியது. ஏதோ தற்செயல் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டு நாள் கழித்து அடுத்த தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாள். அன்றைக்கென்று பஸ் தாமதம். கொல்லைக்கு வந்து சேர மணி பத்தாகிவிட்டது. இந்நேரம் ஆத்மநாதன் பாதி பாய்ச்சியிருப்பார் என்று ஓட்டமும் நடையுமாக வந்தவள் அப்படியே நின்றாள்.

அவர் மோட்டார் ஓடவில்லை; கொல்லை காய்ந்து கிடந்தது. ஆத்மநாதன் தன் மோட்டார் கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, பூட்டியிருந்த இவள் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றார். இவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பி, துண்டை உதறிப் போட்டு, தன் சுவிட்சைத் தொடாமலே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.