உப்பில்லாத மீன்

துணிக்கடையில் கல்லாவை ஒப்படைத்துவிட்டு வரும் வழியில் மீன் வாங்கினேன். என் கணவர் இறந்த பிறகு இந்த வீட்டில் இன்றுதான் மீன். நாளைக் காலை மாமாவை, என் கணவரின் அப்பாவை, அவர் மகள் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். கூடத்தில் அவருடைய பெட்டி தயாராக இருந்தது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் மீன் வாங்கினேன்.

துண்டுகளைக் கழுவி, பூண்டும் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் பிசிறி வாணலியில் போட்டேன். சோறு வேகும் நேரத்தில் மீனும் ஆகிவிட்டது.

மாமாவுக்குக் குறை சொல்லாமல் ஒரு வாய் இறங்காது. கல்யாணமான புதிதில் நான் பொரித்ததை வாயில் போட்டுவிட்டு, "மீனோட கடலையும் சேத்து வாங்கியாந்துட்டியாம்மா?" என்றார். அன்றிலிருந்து உப்பு என் கணவரின் இலாகா. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து தூவுவார். "இனிமே திட்டெல்லாம் எனக்கு."

இன்று மாமா பேசாமல் சாப்பிட்டார். இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா மாமா?"

"ம். நல்லா இருக்கு."

பிறகுதான் நான் வாயில் வைத்தேன். உப்பே இல்லை. அடுப்பருகில் நின்ற நேரமெல்லாம் என் கை உப்பு ஜாடிப் பக்கம் போகவில்லை. என் கணவர் வந்து தூவுவார் என்று இருந்துவிட்டது.

"சப்புன்னு இருக்கே மாமா, ஏன் சொல்லல?"

"பரவால்லம்மா. நீயே அலுத்துப்போய் வந்து செஞ்சிருக்க."

இத்தனை வருஷத்தில் என் சமையலுக்கு இந்த மனிதர் பரவாயில்லை என்று சொன்னதில்லை. விருந்தாளிகள் சொல்வது அது.

"திட்டுங்க மாமா. எப்பவும்போல திட்டிட்டு இங்கேயே இருங்க."

"உன்னை எங்கம்மா திட்டினேன்? அவன் வாங்கிக்கிட்டு சிரிப்பான். அதுக்காகத்தான்." தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை அவர். "அவன் உக்காந்த அந்த நாற்காலியப் பாத்துக்கிட்டு எனக்கு சோறு எறங்கலம்மா."

எழுந்துபோய் ஜாடியை எடுத்துவந்து வைத்தேன். மாமா உப்பை அள்ளி, தன் தட்டை விட்டுவிட்டு என் மீன்மேல் தூவினார். நிறையவே விழுந்துவிட்டது.

"சரியா இருக்கா?"

நாக்கு கரித்தது.

"சரியா இருக்கு மாமா," என்றேன்.