ஆத்துமாப் பங்கு

பெர்னதெத் கொழும்பில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் ஒரு பூஜ்ஜியத்தை மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவள், இந்தியாவுக்கு வந்த முதல் நாளே வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மதுரையில் விமானம் இறங்கி தூத்துக்குடி பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஆளாளுக்கு அதே கேள்வி. பக்கத்து சீட்டுப் பெண் முறுக்கை நீட்டிக்கொண்டே கேட்டாள். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது கேட்டார். "ஒத்தையாவா வந்திய?" அன்பாகத்தான் கேட்டார்கள். அன்பாகக் கேட்டால் வலிக்காது என்று யார் சொன்னது? கடைசியில் லாட்ஜ் மேனேஜர் அற்புதமணியும், "கூட யாரும் வரலியாம்மா?" என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்ட ஹஸ்பண்ட் பின்னுக்கு வாறார்" என்று சொல்லிவிட்டாள். அற்புதமணி உடனே இன்னொரு தலையணை கொண்டுவரச் சொன்னார்.

வில்பிரட் எங்கே வருவது? அவர் போன வருஷமே கல்லறைக்குப் போய்விட்டார். அவருடைய பூட்டன் இந்தக் கரையிலிருந்து தோணி ஏறிக் கொழும்புக்குப் போனவர். ஒரு தடவையாவது அந்தக் கடலைப் பார்க்க வேண்டும் என்று வில்பிரட் சொல்லாத வருஷமில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. கடைசியில் மரணம் வந்தது. போகாமலே விட்டுவிட்டோமே என்ற கோபத்தில்தான் பெர்னதெத் ஒற்றை டிக்கெட் எடுத்தாள்.

மகள் ஜெனிலாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "ஏலாட்டி சொல்லுங்கம்மா, நாளைக்கே டிக்கெட்ட மாத்துறன்" என்று போனில் ஒரே பிடியாக நின்றாள். காலையில் சொல்கிறேன் என்று பெர்னதெத் வைத்துவிட்டாள். சொல்லப்போவது 'மாத்து' என்பதுதான். ஓட்டலில் தனியாகப் போய் உட்காரக் கால் வரவில்லை. வந்ததிலிருந்து தேத்தண்ணீரில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. வில்பிரட் ஆசைப்பட்ட கடலை மட்டும் அவருக்காகப் பார்த்துவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டிருந்தது. பேக்கரிக்காரர்கள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மாதா கோயிலைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தாள். கடல் கொழும்புக் கடலைவிட அமைதியாக இருந்தது. அவளுக்கு அதுவும் கோபமாக வந்தது.

அப்போதுதான் ஒரு பைபர் படகு கரையைத் தொட்டது. நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துத் தள்ளியும் மணலில் ஏறவில்லை. கூட நின்று தள்ளிய பெண் திரும்பிப் பார்த்து, "எக்கா, சும்மா நிக்கிறியள்லா, ஒரு கை குடுங்க!" என்றாள். ஊர் தெரியாது, பேர் தெரியாது. பெர்னதெத் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்த் தள்ளினாள்.

அந்தப் பெண் எமில்டா. படகுக்காரர் மனுவேலின் மனைவி. படகு ஏறியதும் சேலையைப் பிழிந்துகொண்டே, "எந்த ஊருக்கா?" என்றாள்.

"கொழும்பு."

"அண்ணாச்சி வரலியா?"

"ரூம்ல தூங்குறார்."

நேற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தவர் இன்று அறையில் தூங்கவே ஆரம்பித்துவிட்டார். பொய்க்குச் சோறு போட வேண்டியதில்லை, அதுபாட்டுக்கு வளரும்.

அந்தப் படகில் கை கொடுத்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கமில்லை. மனுவேல் இரண்டு விளமீனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தள்ளுன கைக்கு ஒண்ணு. தூங்குத அண்ணாச்சிக்கு ஒண்ணு."

முதல் மீனை வாங்கிக்கொண்டாள். இரண்டாவதற்குக் கை நீளவில்லை. "இது வேணாம்."

மனுவேலின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், சின்னதா இருக்கோ?"

"இல்ல. அவர் தூங்கயில்ல. செத்துப்போயிட்டார்."

ஒரு வருஷமாக அவள் 'இப்ப இல்ல', 'போயிட்டார்' என்றெல்லாம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை இன்றுதான் சொன்னாள், அதுவும் மீன் கொடுத்த மனிதரிடம். ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

மனுவேல் மீனைத் திரும்பப் படகில் போடவில்லை. எமில்டாவின் கூடையில் வைத்தார். "அப்பம் இது ஆத்துமாப் பங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார்.

எமில்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நவம்பரு ஆத்துமாக்க மாசம்லாக்கா. எங்க படகுல செத்தவுகளுக்கும் இந்த மாசம் பங்கு எடுப்போம். ஆனா அத வீட்டாளுக திங்கக்கூடாது. அசலாரு தின்னாத்தான் அவுக வயிறு நெறையும். எந்தம்பி ஜோன்ஸு, ரெண்டு வருஷமாச்சு கடலுக்குப் போயி, ஆளே கெடைக்கல. அவன் பங்கு நேத்துலருந்து ஐஸ்ல கெடக்கு. இங்கன எவளப் பாத்தாலும் சித்தி, மைனின்னு சொந்தமாத்தான் இருக்காளுவ. அசலாருக்கு நான் எங்க போவ?"

பெர்னதெத்துக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது.

"எந்திங்கக்கா. உங்க வீட்டுக்காரரு மீன நான் திங்கேன். எந்தம்பி மீன நீங்க தின்னுங்க."

எமில்டாவின் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. குசினிக்குள் போனதும் எமில்டா, படகு தள்ளியதற்குப் பெர்னதெத்துக்குக் கிடைத்த மீனை, "இது உங்களுக்கு, நாளைக்கு" என்று ஐஸ் பெட்டியில் போட்டு மூடினாள். பிறகு சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சிக்கு எப்பிடி வச்சாப் பிடிக்கும்?" என்றாள். எவ்வளவு நாளாயிற்று ஒருவர் இப்படிக் கேட்டு! புளி கூடப் போட வேண்டும், தேங்காய்ப்பால் ஆகாது, பச்சைமிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட வேண்டும் என்று பெர்னதெத் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"உங்கட தம்பிக்கு?"

"அவனுக்குப் பொரிக்கணும். தலைய ஒருத்தருக்கும் குடுக்க மாட்டான்."

இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எமில்டா வில்பிரட்டின் குழம்பை வாயில் வைத்ததும் புளிப்பில் ஒரு கண்ணை மூடினாள். ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பெர்னதெத் கல்யாணமான நாளிலிருந்து மீன்தலையை வில்பிரட் தட்டுக்குத் தள்ளிவிட்டே பழகியவள். இன்று ஜோன்ஸுக்காக அதைக் கையில் எடுத்துக் கடித்தாள்.

"அப்பிடித்தான். கண்ணையும் விட்டுராதிய" என்றாள் எமில்டா. அவள் கண் கலங்கியிருந்தது.

அப்போது பெர்னதெத்தின் போன் அடித்தது. வலது கை எச்சிலாக இருந்ததால் இடது கையால் எடுத்தாள்.

"அம்மா, டிக்கெட்ட மாத்தவா?"

"வேணாம். நான் சாப்பிட்டுக்கொண்டு இருக்கன்."

"தனியாவா?"

"இல்ல மகள்" என்றாள் பெர்னதெத். "நாங்க நாலு பேர் இருக்கம்."