ஜெயகரன் வாயடக்கிய கிரகணம்

வெளியூர் போனால் ஜெயகரன் மனுஷர்களை முகத்தில் பார்ப்பதில்லை, காலில்தான் பார்ப்பார். ஆம்பூரில் பதனிட்ட தோலை வாங்கி விற்றுக் கொடுக்கும் கமிஷன் ஏஜென்ட் வேறெங்கே பார்ப்பார்? ஊட்டிக்குத் தேனிலவு போனபோதே, படகில் எதிரே இருந்தவரின் பூட்ஸ் ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று தடவிப் பார்த்தவர் என்பது மனைவி பிரிஸ்கில்லாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

அதனால்தான், தொண்ணூற்றைந்தாம் வருஷத்து முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க வடக்கே போயே ஆகவேண்டும் என்று மகள் ஜாஸ்மின் அடம்பிடித்தபோது, பிரிஸ்கில்லா பந்தயம் கட்டினாள். காட்பாடியில் ரயில் ஏறியதிலிருந்து கிரகணம் முடிகிறவரை அவர் வாயில் ‘தோல்’ என்ற சொல் வரக்கூடாது. வந்தால், ஆம்பூர் வீட்டைக் காலி பண்ணிவிட்டு, அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கிட்டே பாகாயத்துக்குக் குடிபோக வேண்டும். வராவிட்டால், வீடு மாற்றுகிற பேச்சையே அவள் இனி எடுக்கமாட்டாள்.

ஆம்பூரை விட்டால் ஜெயகரனுக்கு மூச்சு முட்டும். ஆம்பூரில் இருந்தால் பிரிஸ்கில்லாவுக்கு மூச்சு முட்டும். கையடித்துக்கொண்டார்கள்.

ரயிலில் பிரிஸ்கில்லா வேண்டுமென்றே வாழைப்பழமாக வாங்கித் தந்தாள்.

“இன்னாங்க, பழம் துன்னீங்களே, மிச்சம் எங்க?”

“பழத்தோட சட்டையா? ஜன்னல் வழியா போட்டுட்டேன்.”

ஜாஸ்மின் சிரித்த சிரிப்பில் எதிர் சீட்டுக்காரர் விழித்துக்கொண்டார்.

ஆக்ராவுக்கு அப்பால், ஃபத்தேபூர் சிக்ரி பக்கம் கிரகணம் பார்க்க வந்த கூட்டத்தோடு ஓர் அறுத்த வயலில் லாரித் தார்ப்பாயைக் கட்டிக் கூடாரம் போட்டார்கள். தார்ப்பாய், தெரிந்த தோல் பதனிடும் ஷெட்டில் இரவல் வாங்கியது. ஆம்பூர் வாசனையும் டிக்கெட் எடுக்காமல் அதோடு வந்திருந்தது.

“இங்கியுமா!” பிரிஸ்கில்லா மூக்கைப் பொத்தினாள்.

“நான் ஒண்ணும் பேசலியே” என்றார் ஜெயகரன்.

மறுநாள் காலை கிரகணம் பிடித்தது. மூவரும் கறுப்புக் கண்ணாடி அட்டையைக் கண்ணில் வைத்து உட்கார்ந்தார்கள். வெயில் மெல்லச் சாயம் போயிற்று. காக்கைகள் மரத்துக்குத் திரும்பின. சட்டென்று இருட்டிவிட்டது. அட்டையை இறக்கினார்கள். சூரியன் இருந்த இடத்தில் ஒரு கரிய வட்டம், சுற்றிலும் வெள்ளியாய் ஒளி.

ஜெயகரனுக்கு வாய் பிளந்துகொண்டது. ‘உங்க கறுப்புல பழுப்பு அடிக்குது’ என்று சொல்லி வெளிநாட்டுக்காரன் ஒவ்வொரு தடவையும் சரக்கைத் திருப்பித் தள்ளுவானே! இதோ, பழுப்பே அடிக்காத கறுப்பு!

“எப்படிங்க கறுப்பு?” என்று காதோரம் கேட்டாள் பிரிஸ்கில்லா.

அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கட்டியது. அது வியப்பினாலா, அடக்கியதினாலா என்று அவருக்கே தெரியவில்லை.

ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வெடித்தது. வயல் முழுக்கக் கைதட்டல். ஜெயகரன் துண்டை உருவி எறிந்தார்.

“முடிஞ்சிது! பாத்தியா பிரிஸ்கி அந்தக் கறுப்பை? எந்தத் தோல்ல ஏறும் அது? ஆட்டுத்தோல்ல ஏறாது, மாட்டுத்தோல்ல ஏறவே ஏறாது, ஜெர்மன்காரன் சாயத்தைக் கொண்டாந்து ஊத்தினாலும்...”

பிரிஸ்கில்லா மகள் பக்கம் திரும்பினாள். “முடிஞ்சிதாடி?”

அட்டையைத் திரும்பக் கண்ணில் வைத்திருந்த ஜாஸ்மின், “எங்கம்மா? இன்னும் பிறை மாதிரிதான் இருக்கு. முழுசா விட ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்” என்றாள்.

ஜெயகரன் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். பிறைதான். ஆனாலும் எதிராளி சொன்ன முதல் விலைக்குத் தலையாட்டிப் பழகாதவர்.

“முழுசா மறைச்சிருந்தப்ப சொன்னாத்தான முழுசா தோத்தது? கொஞ்சம் பொறு. பாதி விட்டதும், பாதி தோத்ததா பேசிக்கலாம்.”

“பொறுக்கிறேங்க” என்றாள் பிரிஸ்கில்லா, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. “பாகாயத்துல உக்காந்துகினு பொறுக்கிறேன்.”