ஜகாத் குதிரை

நோன்பு இருபத்தேழாம் நாள் பிற்பகலில் ஹபீபுர் ரஹ்மான் வீட்டு இரும்புக் கதவு திறக்கவில்லை. அவர் பெரிய தோல் வியாபாரி. வருஷந்தோறும் அன்றைக்கு ஏழைகளுக்கான ஜகாத் தானமாக ஆளுக்கு ஒரு படி அரிசியும் ஓரணாவும் கொடுப்பார். மயிலாப்பூர்க் கால்வாய்க் கரைக் குடிசைகளிலிருந்து வந்த கூட்டம் வறண்ட நாக்கோடு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றது. முன்னால் நின்றவள் ஜைதூன் பீ. புருஷனை இழந்தவள். தியாகராய நகரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த பங்களாக்களுக்குச் செங்கல் சுமந்து சுமந்து அவள் கழுத்து நரம்புகள் தாம்புக் கயிறு போல முறுக்கேறியிருந்தன.

காவல்காரன் கபாலி உள்ளே நின்றபடியே, இந்த வருஷம் ஒன்றும் கிடையாதாம் என்று சொல்லிவிட்டான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

போன வருஷம் இதே வாசலில் ஹபீபுர் ரஹ்மான் ஒருத்தியைப் பார்த்தார். சிறுமியாகத் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இப்போது இடுப்பில் ஒரு குழந்தையோடு அதே வரிசையில் நின்றாள். தான் கொடுத்த அரிசியெல்லாம் கடலில் தூவிய உப்பு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதனால் இந்த வருஷத்து ஜகாத் முழுவதையும் ஒரே குடும்பத்துக்குக் கொடுத்தார். வாடகைக்குப் பிறர் ஜட்காவை ஓட்டிக்கொண்டிருந்த நூர் முஹம்மதுவுக்கு ஒரு செந்நிறக் குதிரையும் வண்டியும் கிடைத்தன. அடுத்த வருஷம் இன்னொரு குடும்பம், அதற்கடுத்த வருஷம் மற்றொன்று. என்றாவது ஒருநாள் வாசலில் நிற்க ஆளே இருக்காது என்று அவர் கனவு கண்டார்.

கொடுத்தது வெளியே தெரிந்தால் நன்மை குறையும், வாங்கியவன் தலையும் குனியும் என்பது அவர் நம்பிக்கை. ஆகவே, சொந்தமாக வாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும் என நூரிடம் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் வாங்கியிருந்தார்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அந்த ஜட்கா வந்தது. நூரின் மனைவி ஹாஜிரா பீ, முதலாளி நோன்பு திறப்பதற்காக வாங்கிய பேரீச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வண்டியை ஓட்டுவதை அவள் ஏதோ ராஜா தேரோட்டுவதைப் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். நூரைத் தெரிந்திருந்த கபாலி, யோசிக்காமல் கதவைத் திறந்தான்.

எல்லோருக்கும் மூடிய கதவு ஒருவனுக்குத் திறந்தது. ஜைதூன் பீ பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்தாள்.

"யார் குதிரைடா இது?"

"என்னுதுதான்க்கா. வாங்கினேன்."

"இன்னாத்த வித்து வாங்கினே? போன வாரம்தானே உம் பொண்டாட்டி எங்கிட்ட உப்பு கடன் வாங்கிக்கினு போனா?"

சிலர் சிரித்தார்கள். இறைச்சிக் கடையில் வேலை செய்யும் அக்பர் பாஷா சிரிக்கவில்லை. நம்மையெல்லாம் பற்றி முதலாளியிடம் இவன் கோள் சொல்லியிருக்கிறான், அதற்குக் கிடைத்த கூலிதான் இந்தக் குதிரை என்றான். நூர் வாய் திறக்கவில்லை. சத்தியம் அவன் நாக்கில் கல்லாகக் கிடந்தது. அந்த மௌனமே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

முதல் கல் குதிரையின் விலாவில் விழுந்தது. அது முன்னங்கால்களைத் தூக்கியது. இறங்கிய குளம்பு ஒரு கிழவரின் தோளை நொறுக்கியது. பயத்தில் நூர் சவுக்கை வீசினான். ஜைதூன் பீயின் கன்னம் காதிலிருந்து வாய்வரை பிளந்தது. அவ்வளவுதான், இருபது கைகள் அவனைக் கீழே இழுத்துப் போட்டன. அக்பர் பாஷா அவன் இடது மணிக்கட்டின் மேல் குதிகாலை வைத்து முழு எடையோடும் அழுத்தினான். ஈர்க்குச்சி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது.

"யார் குடுத்தா, சொல்லு" என்று மிதித்தான். நூர் மண்ணைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

ஹாஜிராவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவள் சத்தியம் செய்தவள் இல்லை.

"ஜகாத்து! முதலாளி ஜகாத்துல குடுத்தாரு. நாங்களும் உங்கள மாதிரி கை நீட்டித்தான் வாங்கினோம்."

அடி நின்றது. உண்மை எல்லோரையும் ஆற்றிவிடும் என்று அவள் நம்பினாள். ஜைதூன் பீ கன்னத்து ரத்தத்தைப் புறங்கையால் வழித்துப் பார்த்தாள்.

"அப்போ இது எங்க அரிசி" என்றாள் மெதுவாக.

அக்பர் பாஷா இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு குதிரையிடம் போனான். ஹாஜிரா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கத்தி அவள் முழங்கையைக் கிழித்தது. குதிரை கடிக்க வந்ததும் அவன் பின்வாங்கினான். குதிரையைப் பங்குபோட முடியவில்லை. வண்டியைப் பங்குபோட முடிந்தது. கூண்டு போயிற்று, மெத்தை போயிற்று. விளக்குக்காக இரண்டு பெண்கள் ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடுங்கிக்கொண்டார்கள். கபாலி மறுபடி பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்று ஹபீபுர் ரஹ்மான் கெஞ்சினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தியில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டபோது தெருவில் வைக்கோலும் நசுங்கிய பேரீச்சம்பழமும்தான் மிச்சம். தோள் நொறுங்கிய கிழவர் ஒரு பழத்தை மண்ணிலிருந்து எடுத்துத் துடைத்து நோன்பு திறந்தார்.

மறுநாள் காலை கபாலி நூரின் குடிசைக்கு வந்தான். அடுத்த வருஷத்திலிருந்து பழையபடி அரிசியே கொடுப்பதாக முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். குதிரையை விற்றுக்கொள்ளலாமாம். நூர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விற்றால் இரண்டு மாதம் சாப்பிடலாம். அதற்கப்புறம் மறுபடி அந்தக் கம்பிக் கதவு.

கபாலி போனபின் ஜைதூன் பீ வந்தாள். முகம் ஒருபக்கம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. முன்னால் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒத்தச் சக்கரத்த எவனும் வாங்க மாட்டேங்கிறான். வண்டி கட்டு. சக்கரம் என்னுது. ஓடுற நாளெல்லாம் எனக்கு ஒரு படி அரிசி."

நூர் எழுந்து, நல்ல கையால் தடியை எடுத்து அவள் தோளில் அடித்தான். அவள் சக்கரத்தை விடவில்லை. மறுபடி அடித்தான்.

"அடி. அப்பவும் ஒரு படிதான்" என்றாள் அவள்.

மூன்றாவது அடியை ஹாஜிரா பிடித்துக்கொண்டாள். வெட்டுப்பட்ட கையில் கட்டு நனைந்து சிவந்தது. அவள் தடியை விடாமலே ஜைதூனைக் கேட்டாள்:

"இன்னொரு சக்கரம்?"

"அக்பர்கிட்ட கீது. அச்சும் அங்கதான். கேட்டா குடுக்க மாட்டான்."

நூர் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு ஜைதூனின் கன்னத்தைப் பார்த்தான். அவன் அக்பரின் குடிசைப் பக்கம் நடக்கத் தொடங்கியதும் ஹாஜிரா குடிசைக்குள் புகுந்து உலக்கையோடு வந்தாள். ஜைதூன் பீ சக்கரத்தைக் குதிரையின் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, வழியில் கிடந்த செங்கல் ஒன்றைப் பொறுக்கி எடை பார்த்தாள்.

அக்பர் பாஷாவின் குடிசைக்குக் கதவு கிடையாது, கோணிதான் தொங்கியது. மூவரும் அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.