கடிதத்தின் நடுப்பகுதி

பழவேற்காட்டில் எங்கள் வீட்டைப் பிரெஞ்சு வீடு என்றுதான் சொல்வார்கள். என் வாப்பா சைகோனில் காரைக்கால் வியாபாரி ஒருவரின் கடையில் இருபது ஆண்டு எழுத்தராக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு தினமும் ஒரு வியாபாரக் கடிதத்தை என் முன்னால் வைத்து, பார்த்து எழுதச் சொல்வார். அப்படி நூற்றுக்கணக்கில் எழுதினேன். பக்கத்துக் குப்பங்களான கோட்டைக்குப்பத்திலோ தோணிரேவிலோ யாருக்காவது பிரெஞ்சில் ஒரு தாள் வந்தால், அது என்னிடம்தான் வரும். சம்சுதீன் படித்துச் சொன்னால் மறுபேச்சு இல்லை.

ஆகவே, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி செய்யும் என் தம்பி மகள் அர்ஃபா மடிக்கணினியோடு வந்து, "பெரியவாப்பா, என் பரிசோதனைக்கு நீங்களும் படிச்சுத் தரணும்" என்றபோது என்னால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

"நாலஞ்சு சொல்லு எப்பவும் சேந்தேதான் வரும் இல்லியா?" என்று விளக்கினாள். "மரியாதைத் தொடர், வழக்குத் தொடர், அந்த மாதிரி. படிக்கிறவங்க அத ஒண்ணொண்ணாப் படிக்கிறாங்களா, மொத்தமாத் தூக்கிக்கிறாங்களான்னு பாக்கறேன். வெள்ளக்காரங்கள நெறைய பேர் பாத்துட்டாங்க. நம்ம பக்கத்துல பிரெஞ்சு கத்துக்கினவங்கள யாரும் பாக்கல."

என் மனைவி ரோஷன் பீவி சிரித்தாள். "ஒங்க பெரியவாப்பாவுக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு? கண்ண மூடிக்கினே படிப்பாரு."

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பொத்தானைத் தட்டினால் திரையில் ஒரு சொல் வரும். மறுபடி தட்டினால் அது மறைந்து அடுத்த சொல் வரும். ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு நேரம் நின்றேன் என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். வாக்கியம் முடிந்ததும் ஒரு கேள்வி. ஆம் அல்லது இல்லை.

'ழ வூ ப்ரி' என்று தொடங்கியதும் எனக்கு உயிர் வந்தது. 'என் உயர்ந்த மரியாதையை ஏற்றருள வேண்டுகிறேன்' என்பது அது. வாப்பாவின் கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் முடியும். விரல் ஓடியது. ஆனால் அடுத்து ஒரு சாதாரண வாக்கியம் வந்தது. அதில் 'ஆறு', 'அவள்', 'நேற்று' மட்டும் தெரிந்தன. மற்றவை மூடுபனி. வீட்டார் முன் என் கை தயங்கக் கூடாது. ஒரே தாளத்தில் தட்டினேன். கேள்விகளுக்கு வாயில் வந்தபடி ஆம், இல்லை என்றேன்.

அர்ஃபா முடிவுகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பெரியம்மாவிடம் தேநீர் கேட்டு உள்ளே அனுப்பினாள்.

"பெரியவாப்பா, மரியாதைத் தொடர் எல்லாத்தையும் பாரிஸ்காரங்களவிட வேகமாப் படிச்சிருக்கீங்க."

"பின்னே?"

"நாலு எடத்துல நான் கடைசிச் சொல்ல மாத்தி வெச்சிருந்தேன். ஒண்ணுல 'மரியாதை'ங்கிற எடத்துல 'நண்டு'ன்னு போட்டிருந்தேன். என் உயர்ந்த நண்டுகளை ஏற்றருள வேண்டுகிறேன்." அவள் சிரிக்கவில்லை. "அங்க எல்லாரோட கையும் நின்னுடும். பாதிப் பேரு சிரிச்சிடுவாங்க. ஒங்க கை நிக்கல. சாதா வாக்கியத்துலயும் எங்கயும் நிக்கல. நெசமாப் படிக்கிறவங்க எங்கயாவது தடுக்குவாங்க."

நான் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினேன்.

"ஒங்க பேர எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் வாசலில் ராஜாத்தியின் குரல் கேட்டது. "பாய், இருக்கீங்களா?"

கோட்டைக்குப்பத்து ஸ்டீபனின் மனைவி. ஸ்டீபன் ரீயூனியன் தீவில் ஒரு பிரெஞ்சு மீன்பிடிக் கப்பலில் வேலை செய்கிறான்; எழுதப் படிக்கத் தெரியாதவன். இருபத்தாறு நாளுக்கு முன் அங்கிருந்து கையால் எழுதிய கடிதம் ஒன்று அவளுக்கு வந்தது. நான்தான் படித்தேன். தொடக்கத்து மரியாதையையும் முடிவில் இருந்த நீண்ட மரியாதையையும் உரக்க வாசித்து, "புருஷன் நல்லா இருக்கான், பெரிய மனுஷங்க மதிச்சு எழுதியிருக்காங்க" என்றேன். நான் பார்த்து எழுதிய கடிதங்களில் முடிவு நீண்டவை எல்லாம் நல்ல செய்திகள்தாம். நடுவில் இருந்த இரண்டு பத்தியையும் என் கண் தாண்டிப் போயிற்று.

"இன்னும் ஒரு ஃபோன் வர்ல பாய்" என்றாள் ராஜாத்தி. "ஏஜெண்டு எடுக்கவே மாட்டேன்றான். பக்கத்து ஊட்டு லோகேஷு இத ஃபோட்டோ புடிச்சு ஃபோன்ல போட்டுப் பாத்தான். கையெழுத்து புரியாம இன்னான்னவோ ஒளறுது. இன்னொரு தபா படிங்க. எங்கனா எதுனா உட்டுப்போச்சா பாருங்க."

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து என்னிடம்தான் நீட்டினாள். பக்கத்தில் நின்ற அர்ஃபா கை நீட்டவில்லை. என் கையிலிருந்து பிடுங்கும் வளர்ப்பு அல்ல அவளுடையது. நான் மறுபடி அதே இரண்டு மரியாதைகளையும் வாசித்திருக்கலாம். ராஜாத்தி நம்பிக்கொண்டு போயிருப்பாள்.

தாளை அர்ஃபாவிடம் கொடுத்தேன்.

அவள் படிப்பதைப் பார்த்தேன். தொடக்கத்தைக் கண் தாண்டிற்று. நடுவில் நின்றது. முன்னே போய், திரும்பி வந்து, அதே வரியில் மறுபடி நின்றது. படிப்பது என்றால் என்ன என்று எழுபத்து மூன்று வயதில் பார்த்தேன்.

"அக்கா, ஒக்காருங்க" என்றாள். "ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதியிருக்காங்க. கப்பல் மிஷின்ல மாட்டி அண்ணனுக்கு இடது கால் நசுங்கிடுச்சு. முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டர் சொல்றாங்களாம். சம்சாரத்தக் கேக்காம கையெழுத்துப் போட மாட்டேன்னு அண்ணன் பிடிவாதமாம். ஃபோன் கடல்ல போயிடுச்சு, நம்பர் ஞாபகம் இல்ல. வார்டு நம்பர் இருக்கு. ஒடனே கூப்பிடச் சொல்லியிருக்காங்க."

"எப்ப எழுதினது?"

அர்ஃபா தேதியைச் சொன்னாள். ராஜாத்தி விரல்விட்டு நாளை எண்ணினாள்.

அர்ஃபா தன் ஃபோனில் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டாள். பிரெஞ்சில் பேசினாள். மூன்று இடம் மாற்றினார்கள். கடைசியில் ஸ்டீபனின் குரல் வந்தது.

"ராஜாத்தி? கடுதாசி போட்டமே, வர்லியா? ஒரு மாசமா அவங்களத் தடுத்துகினே இருந்தேன்டி. புண்ணு மேல ஏறிடுச்சு. போன வாரம் முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்க."



அர்ஃபா என்னைப் பார்த்தாள். உடனே ஃபோனை நோக்கிக் குனிந்து, "அண்ணே, தபால் லேட்டு. இன்னிக்குதான் கைக்கு வந்துச்சு" என்றாள்.

இருபத்தாறு நாளாக அந்தக் கடிதத்தைச் சுமந்த ராஜாத்தி அவளை வெறித்தாள். பிறகு என்னை. மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. தேநீரோடு வந்த ரோஷன் பீவி நிலையருகே நின்றுவிட்டாள்.

நான் ஃபோனை வாங்கினேன்.

"ஸ்டீபன், நான் சம்சுதீன் பேசறேன். கடுதாசி அப்பவே வந்துடுச்சு. அது வந்த அன்னிக்கே ஒன் பொண்டாட்டி எங்கிட்ட எடுத்துனு வந்தா. நான்தான் படிச்சேன். எனக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியாது. தெரியும்னு சொல்லி, நீ நல்லா இருக்கேன்னு சொல்லி அனுப்பினேன்."

அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டியின் சக்கரம் உருளும் ஓசை மட்டும் கேட்டது.

"அவ கிட்ட குடுங்க பாய்" என்றான்.

கொடுத்தேன். ராஜாத்தி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு தெருவில் இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி வெயிலில் நின்றாள். அது அர்ஃபாவின் ஃபோன். அதைத் திரும்பக் கேட்க எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெளியே போகவில்லை.