பத்துக்கு ஏழு

1

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். ஒரு கோப்பையை அத்தையின் அறைக்கு வெளியே இருந்த முக்காலியில் வைத்தான். இன்னொன்றை நின்றபடியே குடித்தான். சட்டை போட்டான். படி இறங்கினான். காரைக் கிளப்பினான். வேலைக்குப் போனான்.

இது ஒரு கார் நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையின் முதல் பத்தி. ‘நம் நான்கு மாடல்களின் ஸ்டியரிங் கைக்கு எப்படி இருக்கிறது’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அறிக்கையாக இது தேறாது என்று தெரிந்ததும் அவன் மேலே ‘கதை’ என்று எழுதிக்கொண்டான். கதைக்கு யாரும் கெடு வைப்பதில்லை. இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். வேறு பெரிய காரணம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

2

‘அவன்’ என்பது இதை எழுதுகிறவன்தான். மறைக்க ஒன்றுமில்லை.

[நான் காலையில் எழுந்து, பக்கத்தில்]

முதலில் இப்படித்தான் தொடங்கினான். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. ‘நான்’ என்ற சொல் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. சாலையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்து சேரும். ‘அவன்’ அப்படியில்லை. ஒரு விரலால் திருப்பலாம். கீழே சாலை இருப்பதே தெரியாது. இந்தக் கதை முடிகிறவரை அதிலேயே போய்விடலாம் என்று உத்தேசம்.

3

அவனுடைய வேலை என்னவென்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். விற்பனைக்கு வராத காரை ஓட்டிப் பார்த்து, ஸ்டியரிங்குக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல வேண்டும். திருப்ப எவ்வளவு பலம் வேண்டும் என்பதை இயந்திரம் அளந்துவிடும். திருப்புவது சுகமாக இருக்கிறதா என்பதை ஒரு கைதான் சொல்ல வேண்டும். அந்தக் கை இவனுடையது. அதனால் அலுவலகத்தில் இவன் பெயரே கை.

“கை வந்தாச்சா?”

“கை டீ குடிக்கப் போயிருக்கு.”

இவன் மனைவி நோயில் விழுந்து இவன் நீண்ட விடுப்பு எடுத்தபோது, மேலாளர் கூட்டத்தில் எழுந்து, “எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு” என்றாராம். அவர் உருக்கமாகத்தான் சொன்னார். ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மனைவி செத்துப்போனாள்.

(இந்த வாக்கியத்தை இதைவிட நன்றாக எழுதலாம். எழுதப்போவதில்லை.)

விடுப்பு முடிந்து வந்தவன் முதலில் சின்னக் காரை ஓட்டினான். ஏழு போட்டான். பெரிய காரை ஓட்டினான். ஏழு. வேகமாகப் போகப் பிரியப்படுகிறவர்களுக்கான தாழ்ந்த காரை ஓட்டினான். ஏழு. கையில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து போட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஒன்பது போட்டால் விருந்து வைப்பார்கள். ஏழு போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

டாக்டரிடமும் போனான். அவர் விரல் நுனியில் ஊசியால் குத்தினார்.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“எவ்ளோ?”

“ஏழு.”

நரம்பெல்லாம் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்.

4

நான்காவது மாடலில் ஒரு புதுமை உண்டு. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தண்டு கிடையாது. மின்கம்பி மட்டும். நீங்கள் திருப்புவது செய்தியாகப் போகும், சக்கரம் அதைப் படித்துவிட்டுத் திரும்பும். கைக்குக் கனமாக ஏதாவது தெரிய வேண்டுமே என்று ஒரு மோட்டார் வைத்திருக்கிறார்கள். சாலையின் உணர்வை அது தயாரித்துத் தரும்.

மேலாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவனிடம் சொல்லாமல் அந்தக் காரின் மென்பொருளைத் தலைகீழாக மாற்றச் சொன்னார். இவன் சோதனைத் திடலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான்.

“எப்படி?”

“ஏழு.”

“ஏழா? விளக்கமா சொல்லுங்க.”

“லேசா இருக்கு சார். கொஞ்சம் பழகணும்.”

“யோவ் கை, இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் போகுதுய்யா அது!”

“அதான் பழகணும்னு சொன்னேன்.”

“பாதை காட்ட வச்சிருந்த பிளாஸ்டிக் கூம்பு அத்தனையும் சப்பையாக்கிட்டு வந்திருக்கீங்க.”

“ஒண்ணு ரெண்டு முன்னாடியே சப்பைதான் சார்.”

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

“இனிமே நம்பர் வேணாம். எழுதிக் குடுங்க. எழுத்துல தெரிஞ்சிடும், மனுஷன் வண்டிக்குள்ள இருந்தாரா இல்லையான்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா வேற கை பாக்க வேண்டியதுதான்.”

(கெடு வைப்பதில்லை என்று மேலே சொன்னது பொய் என்பதை வாசகர் கவனித்திருப்பார்.)

5

இங்கே அத்தையைக் கொண்டுவர வேண்டும். மனைவியின் அம்மா. மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டியோடு வந்தார். மகள் போன பிறகும் இருக்கிறார். இருங்கள் என்று அவன் சொல்லவில்லை, போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

அத்தையின் தொழில் பிழை திருத்துவது. பதிப்பகங்கள் அனுப்பும் அச்சுப்படிகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, சிவப்பு மை பேனாவால் திருத்துவார். மகள் இறந்த வாரத்தில்கூட ஒரு பூகோளப் பாடநூல் முழுவதையும் திருத்தி அனுப்பினார். அதில் ஒரு ஆறு தப்பான கடலில் போய்க் கலந்ததாம். சரிசெய்துவிட்டாராம்.

முக்காலிக்குப் பக்கத்தில் கிடந்த இந்தக் கதையின் முதல் பக்கத்தையும் எடுத்துத் திருத்திவிட்டார்.

“ஸ்டியரிங்குக்குத் தமிழ் இருக்கு மாப்பிள்ளை. சுக்கான்.”

“அப்படிப் போட்டா கார் கப்பலாயிடும் அத்தை.”

“சரி, விடுங்க. ‘எழுந்தான், துலக்கினான், காய்ச்சினான்’. இது என்ன, வினைமுற்றுக்கு அணிவகுப்பா? நடுவுல மனுஷனே இல்லையே.”

“மேலாளரும் அதையேதான் சொன்னாரு.”

“அப்ப நானும் வண்டியில வரேன். ஏறிப் பாத்துட்டுத் திருத்தறேன்.”

சோதனையின்போது பக்கத்து இருக்கையில் எடைக்காக மணல் மூட்டை வைப்பது வழக்கம். மேலாளரிடம் அனுமதி கேட்டான்.

“மணல் மூட்டைக்குப் பதிலா மாமியாரா?” என்றார் மேலாளர். கொஞ்சம் யோசித்தார். “எடை சரியா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல.”

6

இனி வருவதுதான் அறிக்கை. அவசரக்காரர்கள் இதை மட்டும் படித்தால் போதும்.

சின்னக் கார். நிறுத்தும்போதும் திருப்பும்போதும் ஸ்டியரிங் தண்ணீரில் கை விட்டுத் துழாவுவது போல லேசானது. சந்தைக்குப் போய்வர உகந்தது. நெடுஞ்சாலையில்தான் தொல்லை. நேராகப் போகும்போது நடுவில் ஒரு பிடிப்பு இருக்க வேண்டும், இதில் இல்லை. “எதுக்கு மாப்பிள்ளை ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?” என்று அத்தை கேட்ட பிறகுதான் தன் கை ஓயாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டிருப்பதை அவன் பார்த்தான். அன்று அவர் இறங்கும்போது, தனக்குப் பிடித்த வண்டி இது, தன் தொழில் செய்கிற வண்டி என்றார்.

பெரிய கார். ஸ்டியரிங் கனம். கனம் என்றால் நம்பிக்கை தரும் என்று நினைக்கிறவர்கள் வாங்குவார்கள். திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு வண்டி ஒரு பக்கம் சாயும். அதற்கும் பிறகு திரும்பும். அத்தை மேலே இருந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டே, “விண்ணப்பம் குடுத்துட்டு பெஞ்சுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு” என்றார்.

தாழ்ந்த கார். இதில் ஸ்டியரிங்கை நூலளவு அசைத்தாலும் மூக்கு திரும்பும். சாலையில் கிடப்பது எல்லாம் கைக்கு வரும் என்பார்கள். அவனுக்கு வரவில்லை. அத்தைக்கு வந்தது, இடுப்புக்கு. “இந்த வண்டிக்கு ரகசியமே தங்காது போல. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வருது” என்றார். கிழிந்த பேருந்து டிக்கெட்டின் மேல் ஏறினாலும் தனக்குத் தெரியும் என்றார்.

நான்காவது. மென்பொருளை நேராக்கிவிட்டிருந்தார்கள்.

“அப்ப கைக்குத் தெரியறதெல்லாம் பொய்யா?”

“பொய்யின்னு இல்ல அத்தை. தயாரிச்சது.”

அத்தை கை நீட்டி, ஓடுகிற வண்டியின் ஸ்டியரிங் வளையத்தின் மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் தயாரிச்சிருக்காங்க. அழுத்த வேண்டிய இடத்துல அழுத்தி, விட வேண்டிய இடத்துல விட்டு. துக்கம் கேக்க வந்தாங்களே, அவங்கள்ல பாதிப் பேர் மாதிரி.”

இதற்கு இருவரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். திடலின் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

7

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய வண்டியும் வேண்டுமே என்று அவன் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்தான். கேட்காமல் சேர்த்தது. அதில் இப்படி எழுதியிருந்தான்:

‘மனைவியின் பழைய வண்டியில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். வளைவில் திரும்பினான். அவள் சொன்னாள். வாசலில் சக்கரப் படுக்கையில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு அவள் பேசவில்லை.’

மறுநாள் காலை அந்தத் தாள் மேசைமேல் இருந்தது. ‘அவள் சொன்னாள்’ என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சின்னக் கூரைக் குறி. விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

“சொன்னாள்னு எழுதிட்டு முற்றுப்புள்ளி வைக்க முடியாது மாப்பிள்ளை. செயப்படுபொருள் எங்க?”

“அது வேணாம் அத்தை.”

“வேணும். வாக்கியம் குறையா நிக்குது. என்ன சொன்னா?”

இத்தனை நாளும் அவர் இதைக் கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல் இருந்தார் என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இலக்கணம் கை கொடுத்திருக்கிறது.

“எழுதித் தரேன்” என்றான்.

8

முடிவு அ. ‘“அம்மாவைப் பாத்துக்க” என்று அவள் சொன்னாள்.’

(சிவப்பில் அடிக்கப்பட்டது. ஓரத்தில்: ‘என் மகள் என்னை யாரிடமும் ஒப்படைக்க மாட்டாள். நான்தான் எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவள் என்பது அவளுக்குத் தெரியும்.’)

முடிவு ஆ. ‘“பயமா இருக்கு” என்று அவள்

(இதை அவனே அடித்துவிட்டான். பயந்தது அவன்.)

முடிவு இ. ‘“எல்லாப் பாதையும் எங்கேயோ போய்ச் சேருது, நாமதான் பிடியை விட மாட்டேங்கறோம்” என்று அவள் மெல்லச் சொன்னாள்.’

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“அன்னிக்கு அவளுக்கு மூச்சு வாங்கிட்டிருந்துச்சு. இந்த நீளத்துக்கு ஒரு வாக்கியம் பேசினாளா?”

“இல்ல.”

“இதுவும் மோட்டார் வச்சுத் தயாரிச்சதுதானே?”

அவன் அந்த வரியையும் அடித்தான்.

“எனக்கு நல்ல வாக்கியம் வேணாம். நல்ல வாக்கியம் மேசை நிறையக் கிடக்கு. அவ சொன்னது வேணும்.”

“அது ஒண்ணுமே இல்ல அத்தை. அம்மாகிட்டப் போய்ச் சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல.”

“அந்த ஒண்ணுமில்லாததைக் குடுங்க. என்கிட்ட அது இல்ல.”

9

ஆகவே பழைய வண்டியைப் பற்றி.

திருமணத்துக்கு முன்பே அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. எந்த வண்டியிலும் வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும். அப்படி வரும்போது உள்ளே ஒரு சின்ன முளை தட்டி இண்டிகேட்டரை நிறுத்திவிடும். இந்த வண்டியின் ஸ்டியரிங் முழுவதும் திரும்பி வராது. நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் சோம்பலாக நின்றுகொள்ளும். முளை தட்டாது. இண்டிகேட்டர் அடுத்த தெரு வரை டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வரும். சரிசெய்து தரட்டுமா என்று அவன் எத்தனையோ தடவை கேட்டான். “ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் மார்க் போடு. என்னோடதைத் தொடாதே” என்பாள். ஓட்டுவது அவனாக இருந்தால், இண்டிகேட்டரைக் கவனிப்பது அவள் வேலை.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்தான், இன்ன பிற. அத்தையையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டியிலேயே அலுவலகத்துக்குக் கிளம்பினான். அறிக்கை அத்தையின் மடியில் இருந்தது. சிவப்புப் பேனா மூடி கழற்றித் தயாராக இருந்தது.

மருத்துவமனை வளைவில் இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினான். பிடியைத் தளர்த்தினான். ஸ்டியரிங் பாதி வந்து நின்றது. உள்ளங்கையில் ஒரு சின்ன இழுப்பு. வர நினைத்து வராமல் நிற்கிற ஏதோ ஒன்று.

இது எத்தனை மதிப்பெண் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழு இல்லை.

டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அணைக்கவில்லை. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். அத்தை டாஷ்போர்டில் துடிக்கிற பச்சை அம்புக்குறியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் அம்புக்குறியைப் பார்த்தார்.

10

வண்டி இப்போது ஓரமாக நிற்கிறது. இதற்கு மேல் நடந்ததை எழுதப்போவதில்லை. கூரைக் குறி இருந்த இடத்தை நிரப்பி, தாளை அத்தையிடம் கொடுத்தாயிற்று. படித்துவிட்டு அவர் சிரித்தாரா, அழுதாரா, எழுத்துப்பிழை திருத்தினாரா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை கெடுவுக்குள் போனதா, கையை மாற்றினார்களா என்பதும் உங்கள் பாடு. பத்துக்கு எத்தனை என்றும் நீங்களே போடுங்கள். ஏழு மட்டும் வேண்டாம்.

திருத்திய பத்தி:

மனைவியின் பழைய வண்டியில்தான் மருத்துவமனைக்குப் போனோம். வளைவில் திரும்பினேன். அவள் சொன்னாள்:

“திரும்பி எவ்ளோ நேரமாச்சு, அதை அணைச்சுத் தொலையேன்.”