நன்றியுரையில் விடுபட்டவள்

இட்செலின் புத்தகம் தபாலில் வந்ததும் ஜோனெல் முதலில் புரட்டியது நன்றியுரையைத்தான். பேராசிரியர்கள் எல்லாரும் அப்படித்தான். மிச்சத்தைப் படித்தாலும் படிப்பார்கள், விட்டாலும் விடுவார்கள். இட்செல் அம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தாள். பல் டாக்டருக்குச் சொல்லியிருந்தாள். பூனைக்குக்கூட ஒரு வரி. ஜோனெலின் பெயர் மட்டும் இல்லை.

சனிக்கிழமை காலையானால் மூன்று பேரும் கணினித் திரையில் கூடுவது வருஷக்கணக்கான வழக்கம். இண்டியானாவில் கறுப்பினத்து ஜோனெல், டெக்சாஸில் மெக்சிகோ வம்சத்து இட்செல், கலிஃபோர்னியாவில் பிலிப்பினோ வீட்டு மலாயா. மூவருக்கும் எழுத்துக் கல்விதான் துறை; மனிதர்கள் எதை, எதற்கு, எப்படி எழுதுகிறார்கள் என்ற ஆராய்ச்சி. துறைக் கூட்டங்களில் வெள்ளையர் நடுவே ஒற்றையாக உட்கார்ந்து அலுத்துப்போனவர்கள். ஒருத்தி எழுதியதை மற்ற இருவரும் வரிவரியாகப் படித்துத் திட்டுவார்கள். இட்செலின் மூன்றாம் அத்தியாயத்தைக் கலைத்துப் போட்டு உயிர் கொடுத்ததே ஜோனெல்தான்.

சந்தேகம் புகுந்துவிட்டால் பழைய சங்கதி எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வசந்தகாலத்திலிருந்தே இட்செல் சனிக்கிழமை வருவதில்லை. சேர்ந்து எழுதவிருந்த கட்டுரையைக் கைகழுவினாள். மாநாட்டு ஹோட்டலில் நேருக்கு நேர் வந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பெரிய மனிதர்களோடு லிஃப்டில் ஏறிவிட்டாள். ஆக, புத்தகம் வரும்வரை அவளுக்கு நான் வேண்டியிருந்தேன், இப்போது வேண்டாம் என்று ஜோனெல் முடிவு கட்டினாள்.

ஜோனெலின் வேலை நிரந்தரமாகுமா, மூட்டை கட்டவேண்டுமா என்று தீர்மானிக்கும் வருஷம் அது. வெளிப் பல்கலைக்கழக அறிஞர்களிடம் அவள் ஆராய்ச்சியைப் பற்றிக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதங்கள்தான் தலையெழுத்து.

துறைத் தலைவர் கார்ட்னர் அவளைக் கூப்பிட்டார். "யார்கிட்ட கேக்கக் கூடாதுன்னு பேர் ஏதாச்சும் இருக்கா ஜோனெல்? காரணம் சொல்ல வேண்டியதில்ல."

"இட்செல் பாராகான்," என்றாள். சொன்னதும் மனசு குளிர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை மலாயாவிடம் கொட்டித் தீர்த்தாள். "பூனைக்கு நன்றியாம், எனக்கு இல்லியாம்! பூனையாடி அவ அத்தியாயத்தத் திருத்துச்சு?"

மலாயா சிரிக்கவில்லை. "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. இனி மறைக்க முடியாது. உன் பேரு இருந்துச்சுடி. அச்சுக்குப் போறப்ப அவதான் எடுத்தா. எடுத்துட்டு என்கிட்ட அழுதா."

"எதுக்கு?"

"சிநேகிதங்க கடிதம் எழுதக் கூடாதில்ல? நன்றியுரையப் பாத்துத்தான் யாருக்கு யார் சிநேகிதம்னு தோண்டுவாங்க. உங்க சர்ச்சுப் பொம்பளைங்க அடக்கத்துக்கு எழுதி அச்சடிச்சுக் குடுக்கற நினைவுக்குறிப்பப் பத்தி நீ எழுதின ஆராய்ச்சி, அவள விட்டா புரியறவங்க எத்தனை பேரு? உன் காலேஜ் எப்படியும் அவளத்தான் கேக்கும்னு ஒதுங்கியே நின்னா. உனக்கு மறைக்க வராதுன்னுதான் சொல்லல."

விதிப்படி பார்த்தால் இது கள்ளத்தனம்தான். ஆனால் ஒரே மேஜையில் குடித்துவிட்டு ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளும் கனவான்களை எந்த விதி தடுத்தது?

திங்கட்கிழமை ஜோனெல் கார்ட்னரின் அறைக்கு ஓடினாள். சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அவர் சங்கடத்தோடு தலையாட்டினார். "அவங்களத்தான் முதல்ல நினைச்சிருந்தோம். நீங்க சொன்னதும் பேராசிரியர் ஹாலண்ட கேட்டோம், ஒத்துக்கிட்டார். இனிமே மாத்த முடியாதே."

'சர்ச்சு நோட்டீசெல்லாம் ஆராய்ச்சியா?' என்று நிறைந்த அரங்கில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே ஹாலண்ட்.

வராந்தாவிலேயே நின்று இட்செலுக்குப் போன் போட்டாள்.

"ஏய், எதுக்குடி கூப்பிடற? மலாயா உளறிட்டாளா? வை, வை!" இட்செல் குசுகுசுத்தாள், சிரிப்பு பொங்கியது. "நமக்குள்ள அறிமுகமே இல்ல, தெரியும்ல? உங்க ஆளுங்க எப்போ கேப்பாங்கன்னு தினம் பாத்துக்கிட்டிருக்கேன். என்ன எழுதணும்னு மனசுல அத்தனையும் தயாரா இருக்கு. படிச்சா அசந்துடுவாங்க."

"இட்செல், நான் ஒண்ணு..."

"எல்லாம் முடிஞ்சப்புறம் பேசலாம்டி தங்கம்."

இணைப்பு போய்விட்டது. ஜோனெல் திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் நல்லதுக்காகத்தான் இட்செல் எடுக்கவில்லை.